ஊலாவ் என்றொரு பேரன்

கேள்வி: என் மகள் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பணிபுரிகிறாள், அந்நாட்டவரையே மணந்துகொண்டாள். சென்ற தை மாதம் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான என் கணவர், பழனியாண்டவர் பெயரைக் கொண்டவர். பேரனுக்கும் அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களோ மருமகனுடைய தாத்தாவின் பெயராகிய 'ஓலாவ்' என்பதை முதற்பெயராகவும், என் கணவர் பெயரை இரண்டாம் பெயராகவும் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "ஓலாவ் என்றால் மிச்சம் என்று பொருளாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனம் சமாதானம் அடையவில்லை. மிச்சம் மீதி என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? அந்தப் பெயரின் உண்மையான பொருள் என்ன? அதைத் தாங்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள்? மகள் எழுதும்போது 'ஓ' என்று எழுதுகிறாள், பேசும்போது 'ஊ' என்று கேட்கிறது. நான் எப்படி அழைப்பது?
– ஒரு பாட்டி, நாயுடுபுரம், கொடைக்கானல்.

பதில்: அம்மா, உங்கள் உறவினர் பார்த்தது முழுப் பொய் அன்று. பாதிப் பெயரின் பொருளை அவர் முழுப் பெயரின் பொருளாக எடுத்துக்கொண்டார். அந்தப் பாதிக்கும் பொருந்தாத தமிழ்ச் சொல் ஒன்றை வைத்துச் சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்த முறை பக்கம் முழுவதையும் இக்கேள்விக்கே ஒதுக்குவதென்று முடிவு செய்தேன். ஒரு பிள்ளையின் பெயரைப் பற்றிய மனக்குறையை இரண்டு வரியில் ஆற்ற முடியாது.

ஓலாவ் என்பது இரண்டு சொற்கள் இணைந்த பெயர். டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜிய, ஐஸ்லாந்திய மொழிகள் பிரிவதற்கு முன் வழங்கிய பழைய வடபுல மொழியொன்றில் அது 'அனுலைபஸ்' என்பது போல ஒலித்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர்கள் மீட்டெடுத்துக் காட்டுகிறார்கள். முற்பகுதியாகிய 'அனு' முன்னோரை, பாட்டனைக் குறிப்பது. இன்றைய ஜெர்மன் மொழியில் முன்னோரைக் குறிக்கும் 'ஆன்' என்னும் சொல் அதற்கு உறவு. பிற்பகுதியாகிய 'லைபஸ்', விட்டுச் செல்லப்பட்டது, எஞ்சி நிற்பது, ஆகவே வழித்தோன்றல், உரிமை பெறுபவன் என்று பொருள் விரியும். ஏதேனும் ஒன்றை விட்டுச் செல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லீவ்' என்னும் வினையும் அதே வேரில் பிறந்ததுதான். கி.பி. 1000-ஐ ஒட்டி வட அமெரிக்கக் கரையை அடைந்த லெய்ஃப் எரிக்சன் என்ற கடலோடியின் பெயர், இந்தப் பிற்பகுதி மட்டும் தனித்து நின்று பெயரானது. இரண்டு பகுதிகளையும் சேர்த்தால், முன்னோர் இவ்வுலகில் விட்டுச் சென்ற வழித்தோன்றல் என்பது கிடைக்கிறது. பானையின் அடியில் தங்கிய சோற்றுக்கு நாம் சொல்லும் 'மிச்சம்' இங்கே எப்படிப் பொருந்தும்?

பொருந்துகிற சொல் தமிழில் இருக்கிறது, அது 'எச்சம்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பறவை எச்சமும், பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பின் பெயரெச்சம், வினையெச்சமும்தான் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவரிடம் அதற்கு இருந்த மதிப்பே வேறு. 'செப்பம் உடையவன் ஆக்கஞ் சிதைவின்றி எச்சத்திற் கேமாப்பு உடைத்து' என்கிறது 112-ஆம் குறள்: நடுவுநிலைமை உடையவனுடைய செல்வம் அழியாமல் நின்று அவனுடைய வழியில் வருபவர்களுக்குப் பாதுகாப்பாகும் என்பது அதன் கருத்து. ஒரு குறள் தள்ளி, தக்கவர் யார், தகுதியற்றவர் யார் என்பது அவரவர் 'எச்சத்தாற் காணப்படும்' என்று வருகிற இடத்தில், பரிமேலழகர் எச்சம் என்பதற்கு நன்மக்கள் என்றே உரை கொண்டார். புகழ் அதிகாரத்தில் 'இசையென்னும் எச்சம்' என்று, ஒருவர் மறைந்த பின்னும் மறையாத புகழுக்கும் அதே சொல் ஆளப்படுகிறது. பிள்ளை, புகழ் ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த அந்தப் பழைய தமிழ் மனமும், பாட்டனின் எச்சம் என்று மகனுக்குப் பெயரிட்ட அந்தப் பழைய வடபுல மனமும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது.

இன்னும் அருகில் ஒரு சொல் இருக்கிறது. நீங்கள் அந்தக் குழந்தையைக் குறிக்கக் கடிதம் முழுவதும் எழுதியிருக்கும் 'பேரன்' என்ற சொல்தான் அது. பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் மகனைத் 'தந்தை பெயரன்' என்று குறிக்கும் சங்கப் பாடல் ஒன்று உண்டு. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் அவ்வளவு பழையது. நார்வேயின் கிராமங்களிலும் தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது நெடுங்காலம் வழக்காக இருந்தது. இவ்வாறு ஒருவரின் நினைவாகப் பெயரிடுவதற்கு அவர்கள் மொழியில் 'ஒப்கலிங்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. உங்கள் மகளும் மருமகனும் தந்தை வழிப் பெரியவர் பெயரை முதலிலும் தாய் வழிப் பாட்டனார் பெயரை அடுத்தும் வைத்திருப்பது ஏறக்குறைய அந்த வரிசைதான். உங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. கணவர் பெயரைத் தாங்கிய பேரனை 'பெரியவரே' என்றும் 'சாமி' என்றும் அழைத்தே வளர்த்த பாட்டிகளை இந்த மலையில் நானே அறிவேன். உங்களுக்கு அந்தத் தயக்கமும் இல்லை. முதற்பெயரைத் தாராளமாக வாயாரச் சொல்லலாம். அதன் பொருளோ பேரன் என்பதேதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 'அனு' என்பதை அன்னையோடும், 'ஓலா' என்பதை ஓலையோடும் இணைத்து, ஓலாவ் தமிழ்ப் பெயர்தான் என்று சொல்ல நாளைக்கே யாராவது வரக்கூடும். நம்பாதீர்கள். சொற்கள் உறவில்லை, எண்ணங்கள்தான் ஒத்திருக்கின்றன. அந்த ஒற்றுமையே போதுமான அளவுக்கு அழகாக இருக்கும்போது, இல்லாத உறவை ஏன் புனைய வேண்டும்?

இனி, அந்தப் பெயரைத் தாங்கியவர்கள். முதலில் நினைக்க வேண்டியவர் நார்வே மன்னர் இரண்டாம் ஓலாவ். அவருக்கு முன் ஓலாவ் திரிக்வசன் என்ற மன்னர் 995 முதல் ஐந்தாண்டுகள் ஆண்டு கடற்போரில் மாண்டார். அவரும் இவரும் நார்வேயைக் கிறித்தவ நாடாக்க முனைந்தவர்கள். இரண்டாம் ஓலாவ் 1015-இல் ஆட்சிக்கு வந்து, 1028-இல் நாட்டைவிட்டு ஓட நேர்ந்து, திரும்பி வந்து 1030 ஜூலை 29 அன்று ஸ்டிக்லஸ்தாத் என்னுமிடத்தில் தம் சொந்த நாட்டவர் திரட்டிய படையோடு பொருது வீழ்ந்தார். அவர் சாந்தமானவர் என்று சொல்வது உண்மையாகாது. புதிய சமயத்தை ஏற்க மறுத்தவர்களிடம் அவர் கொடுமையாக நடந்துகொண்டதை அந்நாட்டுப் பழைய நூல்களே மறைக்காமல் சொல்கின்றன. ஆனாலும் இறந்து ஓராண்டு கழிந்த சில நாட்களில், 1031 ஆகஸ்டில், அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய உடலை வைத்த நிடரோஸ், அதாவது இன்றைய திரோந்தைம், வட ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலமாயிற்று. 'நார்வேயின் என்றென்றைக்குமான அரசர்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். நார்வே அரசுச் சின்னத்தில் சிங்கம் ஏந்தி நிற்கும் கோடரி அவருடைய கோடரிதான்.

பழனிமலைத் தொடரில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தைப்பூசத்துக்கு நடந்து செல்லும் காவடிக் கூட்டத்தையும், வீட்டுக்கு ஒரு பழனிச்சாமியும் தண்டபாணியும் இருப்பதையும், பூம்பாறையில் குழந்தை வேலப்பரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதுபோல, நிடரோஸுக்கு நடந்து சென்ற மக்கள் ஊர் திரும்பித் தங்கள் பிள்ளைகளுக்கு ஓலாவ் என்று பெயர் வைத்தார்கள். 1537-இல், அப்போது நார்வேயையும் ஆண்ட டென்மார்க் அரசர், மார்ட்டின் லுத்தர் வழிவந்த கிறித்தவச் சீர்திருத்தத்தை நார்வேயிலும் நடைமுறைப்படுத்தியபோது புனிதர் வழிபாடும் யாத்திரையும் நிறுத்தப்பட்டன. பெயர் வைப்பது மட்டும் நிற்கவில்லை. பெரும்பாலோர் தாத்தாவின் பெயரென்று வைத்துக்கொண்டே போனார்கள். ஆஸ்லோவிலிருந்து திரோந்தைம் வரை ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளும் அந்தப் பழைய யாத்திரைப் பாதை 1997-இல் மீண்டும் திறக்கப்பட்டு, இன்றும் மக்கள் நடக்கிறார்கள். ஜூலை 29 இன்னும் அங்கே ஓலாவின் நாள். நம் கணக்கில் அது ஆடி மாதம் 13-ஐ ஒட்டி வரும்; நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அன்று பேரனுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு குழந்தையின் கதை. 1903-இல் இங்கிலாந்தில் பிறந்த டென்மார்க் இளவரசர் ஒருவருக்கு அலெக்சாண்டர் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். 1905-இல் நார்வே ஸ்வீடனுடனான கூட்டரசிலிருந்து பிரிந்து தனக்கென ஓர் அரசரைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தக் குழந்தையின் தந்தை அரசராகி ஹாக்கன் என்ற பழைய நார்வேஜியப் பெயரை ஏற்றார். இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரும் ஓலாவ் என்று மாற்றப்பட்டது. ஒரு நாட்டவராக ஆவதற்கு முதல் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரை. அந்தப் பிள்ளைதான் 1957 முதல் 1991 வரை ஆண்ட ஐந்தாம் ஓலாவ். 1928 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றவர். 1973-இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது, வார இறுதியில் கார் ஓட்டக் கூடாதென்ற தடையைத் தாமும் மதித்து, பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நகர ரயிலில் ஏறிப் பயணம் செய்தார். அந்தப் புகைப்படத்தை நார்வேயில் பார்க்காதவர்கள் குறைவு. உங்கள் மருமகனிடம் கேட்டால் காட்டுவார். அவர் மறைந்தபோது அரண்மனை முற்றத்துப் பனியில் மக்கள் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார்கள்.

மன்னர்களோடு பெயர் முடிந்துவிடவில்லை. ஸ்வீடனில் ஊலோஃப், டென்மார்க்கில் ஓலுஃப், ஓலெ, ஐஸ்லாந்தில் ஓலாவுர், பின்லாந்தில் ஓலவி என்று அது ஊருக்கு ஊர் உருவம் மாறியது. ஸ்வீடனில் முதன்முதலாக நாணயம் அடித்தவர் 995-ஐ ஒட்டி ஆண்ட ஊலோஃப் என்ற மன்னர். 1986-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்வீடன் பிரதமர் ஊலோஃப் பால்மேயின் பெயரால் புதுடெல்லியில் ஒரு சாலை இருக்கிறது. லண்டனில் புனித ஓலாவ் பெயரால் அமைந்த தெரு, மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து இன்று 'டூலி தெரு' ஆகிவிட்டது.

இந்தப் பெயர் மலையேறி நம் பக்கமும் வந்தது என்றால் நம்புவீர்களா? வைக்கிங்குகள் எனப்படும் பழைய வடபுலக் கடலோடிகள் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் தீவுகளிலும் குடியேறியபோது அந்நாட்டவர் ஓலாவை 'அம்லைப்' என்று எழுதினார்கள். தாய்மண்ணில் முன்பே தேய்ந்து மறைந்துபோன மூக்கொலி அங்கே 'ம்' என்று தங்கிவிட்டது. ஓலாவின் மகன் என்பதைக் குறிக்க அவர்கள் மொழியின் 'மக்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தார்கள். அதுவே ஆங்கிலத்தில் மெக்காலே என்றானது. ஆம், 1835-இல் இந்தியக் கல்வி பற்றிய குறிப்பை எழுதிய அதே மெக்காலே. அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சேர்ந்த மெக்காலேக்கள். 1834 ஜூனில் சென்னையில் இறங்கிய அவர், கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உதகமண்டலத்தில் இருந்ததால் நேரே நீலகிரிக்கு ஏறி, அந்த மழைக்காலத்தை அங்கேயே கழித்தார். நம் பள்ளிப் பாடங்களில் எத்தனையோ முறை படித்துவிட்ட அந்தப் பெயருக்குள் உங்கள் பேரன் பெயர் ஒளிந்திருக்கிறது.

நம் கொடைக்கானலுக்கோ நேரடி உறவே உண்டு. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் அதை ஆங்கிலேயரிடம் விற்றது 1845-இல். அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் அதே ஆண்டில்தான். பின்னாளில் தமிழகத்தின் லுத்தரன் திருச்சபையில் பணியாற்றிய ஸ்வீடன் நாட்டுக் குடும்பங்கள் கோடை வெயிலுக்குத் தப்பி இம்மலைக்கு வந்து தங்கின. அவர்களுடைய பிள்ளைகளுக்கென இங்கே ஸ்வீடிஷ் பள்ளி ஒன்றும் நடந்தது. எனவே அந்த மொழியும் அதன் பெயர்களும் இந்த மலைக்குப் புதியவை அல்ல.

எப்படி அழைப்பது என்று கேட்டீர்கள். உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நார்வேஜிய மொழியில் 'ஓ' என்று எழுதும் அந்த நெட்டெழுத்து இப்பெயரில் ஏறத்தாழ 'ஊ' என்றே ஒலிக்கும்; ஆகவே 'ஊலாவ்' என்று அழையுங்கள். டென்மார்க்கில் அது 'ஓ'வாகவே இருக்கிறது. கடைசி எழுத்தைச் சிலர் 'ஃப்' என்றும் சிலர் 'வ்' என்றும் எழுதுவதற்குக் காரணம், பழைய எழுத்துமுறையில் சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வந்த 'ஃப்' என்னும் எழுத்துக்கு 'வ்' என்ற ஒலியே இருந்தது. தமிழுக்கு 'வ்' எளிது. 'உலாவு' என்று காதில் விழுந்தாலும் குறையில்லை. குழந்தை விரைவில் எழுந்து உலாவத்தானே போகிறான்.

பாட்டியின் கடிதம் வந்த உறையில் இன்னொரு சிறு தாளும் இருந்தது.

கேள்வி: நான் மேலே எழுதியிருக்கும் பாட்டியின் மகன் வழிப் பேத்தி, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அத்தை மகனின் பெயரைச் சொன்னால் என் தோழிகள், குழந்தைகள் படத்தில் வரும் பனிமனிதனின் பெயர் என்று சிரிக்கிறார்கள். வேறு என்ன சொல்லலாம்? நார்வேயில் நம்மைப் போல இனிஷியல் உண்டா?
– பேத்தி, அதே முகவரி.

பதில்: ஒளிக்கு வேகம் உண்டு, அது கணத்தில் எங்கும் பரவிவிடுவதில்லை என்று 1676-இல் வியாழனின் துணைக்கோளைக் கவனித்துக் காட்டியவர் ஓலெ ரோமர் என்ற டேனிஷ் வானியலாளர். நீ இயற்பியல் படிக்கிறாயென்றால் அவரை அறிந்திருப்பாய். ஓலெ என்பது ஓலாவின் இன்னொரு வடிவந்தான். உன் தோழிகள் விளையாடி வளர்ந்த லெகோ கட்டைகளின் நிறுவனத்தை 1932-இல் தொடங்கிய தச்சரும் ஓர் ஓலெ. நாம் குப்பன், சுப்பன் என்று சாதாரண மனிதரைக் குறிப்பது போல, நார்வேயில் பொதுவான ஒரு குடிமகனைக் குறிக்க 'ஊலா நூர்மன்' என்பார்கள். ஊலா இதே பெயரின் சுருக்கம். ஒரு நாடே தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர் அது என்று தோழிகளிடம் சொல்.

இனிஷியல் என்ற எழுத்து அங்கே இல்லை. ஆனால் தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நம்முடையதைப் போலவே இருந்தது. ஓலாவின் மகன் ஓல்சன், ஓலாவின் மகள் ஓல்ஸ்டாட்டர் என்று தலைமுறைதோறும் மாறிக்கொண்டே வந்தது. டென்மார்க்கில் 1828-இலும் ஸ்வீடனில் 1901-இலும் நார்வேயில் 1923-இலும் வந்த சட்ட விதிகள், குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் வேண்டுமென்றன; ஓல்சன் என்ற பெயர் அதன் பிறகு மகளுக்கும் பேத்திக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐஸ்லாந்து மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. 1996 முதல் 2016 வரை அங்கே குடியரசுத் தலைவராக இருந்தவர் ஓலாவுர் ரக்னர் கிரிம்சன். கிரிம்சன் என்பது அவருடைய குடும்பப் பெயரன்று, கிரிமுர் என்பவரின் மகன் என்பதே. அங்கே தொலைபேசிப் பட்டியலில்கூட ஆட்களை அவரவர் சொந்தப் பெயரின் வரிசையில்தான் தேட வேண்டும், நம் பள்ளி வருகைப் பதிவேட்டைப் போல. உன் அத்தை மகன் வளர்ந்து ஐஸ்லாந்தில் குடியேறினால் அவனுடைய மகன் ஓலாப்சன், மகள் ஓலாப்ஸ்டோட்டிர். கொடைக்கானலுக்கு வந்து குடியேறினால் இருவருக்குமே இனிஷியல் ஒன்றுதான்: ஊ.